மச்சான், பிடிதுணி முடிந்துவிட்டது

பாசமுள்ள மச்சான் அருளுக்கு,

சட்டி இறக்கும் பிடிதுணியைப் பின்னி முடித்துவிட்டேன். வரிசைக்கு இருபது கண்ணி, மொத்தம் இருபத்துநாலு வரிசை. ஒரு ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. நீ பார்த்தால் சதுரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டாய். என் வீட்டுக்காரி கோமதி ஒத்துக்கொண்டாள்.

உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்கு முதலில் சொல்வேன்?

பட்டாளத்தில் நாம் இரண்டு பேரும் லாரி ஓட்டினோம். நீ வில்லிபுத்தூர், நான் இராஜபாளையம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் தெரிந்தே இருக்காது. அந்தப் பனிமலையில், பக்கத்து ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக நீ எனக்கு மச்சான் ஆனாய், நான் உனக்கு மாப்ள ஆனேன்.

ரோட்டைப் பனி மூடிவிட்டால் வண்டி நகராது. நாங்கள் சீட்டு விளையாடுவோம். நீ மட்டும் கட்டிலில் சம்மணம் போட்டு, குரோஷா ஊசியும் நூலுமாக எதையாவது பின்னிக்கொண்டிருப்பாய். பொம்பளை வேலை என்று உன்னைப் பார்த்து அதிகம் சிரித்தவன் நான்தான்.

சிரித்ததோடு விட்டேனா? உன் வீட்டுக்காரி மேரிக்கு என்று நீ ஒரு மேசை விரிப்பு பின்னிக்கொண்டிருந்தாய். நீ குளிக்கப் போன நேரம் பார்த்து அதன் நூல் முனையைப் பிடித்து இழுத்தேன். அத்தனையும் அவிழ்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது கட்டில் முழுக்க நூல். அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். “ஏலே, கையை நீட்டு. நூலைச் சுத்தணும்” என்றாய். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். நீ பந்தாகச் சுற்றி எடுத்தாய். மறுநாள் முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாய்.

அதற்கு நான் மன்னிப்பே கேட்கவில்லை, மச்சான். இப்போது கேட்கிறேன்.

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு நான் கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ் ஓட்டினேன். போன வருஷம் ஒரு காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். உயிர் தங்கியது, கால் திரும்பி வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

சட்டைப் பொத்தானைக் கோமதிதான் போட்டுவிடுவாள். சோற்றை அவள்தான் ஸ்பூனால் ஊட்டுவாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, “இதைப் பிசைஞ்சுக்கிட்டே இருங்க சார்” என்றாள். இடது கையால் அதை வாசலுக்கு வீசினேன். யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடு என்று கோமதியிடம் சொல்லிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் நீ வந்தாய். வாசலில் நடந்த பேச்சு எனக்குக் கேட்டது.

“யாரையும் பாக்க மாட்டேன்னு சொல்லுதாக அண்ணே.”

“அவன் என்னைப் பாக்க வேண்டாம்மா. நான் அவனைப் பாத்துட்டுப் போறேன்.”

உள்ளே வந்தாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பந்து நூலையும் குரோஷா ஊசியையும் எடுத்தாய். என் கைக்குப் பிடிமானம் கிடைக்கட்டும் என்று ஊசியின் காம்பில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தாய்.

“இது எதுக்கு?” என்றேன்.

“பருத்தி நூலு. உங்க ஊரு மில்லு நூலுதான், நாலு இழையைச் சேத்திருக்கேன். உல்லன்னு கடையில விக்குறது பிளாஸ்டிக் நூலு, அடுப்புச் சூட்டுல உருகிரும்.”

“எனக்கு எதுக்குன்னு கேட்டேன்.”

“உம் பொண்டாட்டி எம்புட்டு நாளைக்குக் கை சுடச் சுடச் சட்டியை எறக்குவா? ஒரு பிடிதுணி போட்டுக் குடு.”

கையைப் பற்றி ஒரு வார்த்தை நீ பேசவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியில் வைத்தாய். நழுவின. மறுபடி வைத்தாய். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி வந்தாய். முதல் வாரம் ஒரு சங்கிலிக் கண்ணிகூட விழவில்லை. இருபது சங்கிலி போட ஒரு மாதம் ஆனது.

அப்புறம் வரிசை ஏறியது. ஆனால் வர வர அகலம் குறைந்தது. சமோசா மாதிரி இருந்தது. “கடைசிக் கண்ணி ஒளிஞ்சுக்கிட்டு நிக்கும்லே. அதை விட்டுட்டுத் திருப்புத. எண்ணிப் பாரு” என்று சொல்லி, அத்தனை வரிசையையும் இழுத்து அவிழ்த்துவிட்டாய். எனக்கு அழுகை வந்தது. நீ பார்க்காத மாதிரி எழுந்து, காப்பி கேட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய்.

ஒரு நாள் மதியம் கோமதி ஸ்பூனை நீட்டினாள். “வை, நானே சாப்பிடுதேன்” என்றேன். பாதிச் சோறு மடியில் விழுந்தது. பாதி வாய்க்குப் போனது. அவள் உனக்குப் போன் போட்டு அழுதுகொண்டே பேசினாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டால் இன்றைக்கு வரைக்கும் சொல்ல மறுக்கிறாள். என்ன சொன்னாய், மச்சான்?

நான் ஒன்பதாவது வரிசையை முடித்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. நெஞ்சுவலி என்றும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றும் போன் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்ததும் குனிந்து அள்ளினேன். போட்ட பிறகுதான் பார்த்தேன், அள்ளியது வலது கை. விரல்கள் மூடியிருந்தன, மண் சிந்தவில்லை. அந்தக் கையை உன்னிடம் காட்ட முடியாமல் அங்கேயே நின்றேன்.

அதற்கப்புறம் நாலு மாதம் அந்தப் பையைத் தொடவில்லை. ஒரு நாள் கோமதியே அதை எடுத்துவைத்துக்கொண்டு, ஊசியைக் கண்டபடி குத்த ஆரம்பித்தாள். செத்த நேரம் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் பிடுங்கி, அவள் போட்டதை அவிழ்த்துவிட்டு, பத்தாவது வரிசையை ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே போனதைப் பார்த்தால் வேண்டுமென்றேதான் செய்தாள் போலிருக்கிறது.

முடிந்ததும் அவளிடம் நீட்டினேன். “முதல்ல அண்ணன் வீட்டுக்குக் குடுத்துட்டு வாங்க, எனக்குப் பொறவு ஆகட்டும்” என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை நானே தனியாகப் பஸ் ஏறினேன். கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் இப்போது தங்கச்சி மேரி மட்டும்தான். துணியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

“அவிய போட்டதாண்ணே?”

“இல்லம்மா, நான் போட்டது. அவன் சொல்லிக் குடுத்தது.”

எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழம்புச் சட்டியோடு திரும்பினாள். ஒரு கையில் என் பிடிதுணி, மறு கையில் கிழிந்த துண்டு.

“ஒண்ணை மட்டும் குடுத்தா எப்படிண்ணே? சட்டிக்கு ரெண்டு பக்கமும்லா பிடிக்கணும்” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சட்டிக் குழம்பை ஊற்றி எனக்குச் சோறு போட்டாள். உன் வீட்டில், என் கையால் சாப்பிட்டேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது. தங்கச்சியே வழி சொல்லிவிட்டாள். இரண்டாவது பிடிதுணியில் நாலு வரிசை ஏறிவிட்டது. சர்ச்சில் நடக்கும் உன் வருஷ நினைவுத் திருப்பலிக்கு முன்னால் அது அவள் அடுப்படியில் இருக்கும். அதற்கப்புறமும் மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் கோமதியும் உன் வீட்டில்தான் சாப்பிடுவோம். குழம்பைப் பெரிய சட்டியிலேயே வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் மாப்ள,
சுந்தரம்
இராஜபாளையம்