ரெண்டு பெட்டிக்கும் சந்தனப் பொட்டு

அக்கா,

இன்றைக்குக் காலையில் கரண்டு போய் வந்ததும் வைஃபை பெட்டியில் சிவப்பு லைட்டு. பழக்கதோஷம், கையில் இருந்த கரண்டியோடு நடுச்சுவர் பக்கம் போய், "அக்கா, உங்க பக்கம் வருதா?" என்று கத்திவிட்டேன். நீ விட்டுப்போன கோழிதான் கொக்கரித்தது.

அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு வந்து, ஒரு வீட்டை ரெண்டாக்கினோம். மிளகாய் காயப்போடும் களத்தையும் பிரித்தோம். நெட்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. லைன் உன் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து ஒரு வயர் சுவரேறி என் பெட்டிக்கு வரும்.

பேத்தி பிறந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு அரிவாள், மம்பட்டிக்குப் பொட்டு வைத்த கையோடு, ரெண்டு வீட்டுப் பெட்டிக்கும் சந்தனம் வைத்தாய். "சோறு போடுறதுக்கு வைக்கிறோம், பிள்ளைக முகத்தக் காட்டுறதுக்கு வைக்க வேணாமாடி?" என்றாய். நியாயம்தான். மறுநாள் ரெண்டு வீட்டிலும் நெட்டு செத்தது.

நீ சுவிட்சை அமத்திவிட்டாய் என்று நான் நினைத்தேன். உன் கோழி என் மிளகாயைக் கிளறிய சண்டை அப்போதுதான் முடிந்திருந்தது. நான் வயரைப் பிடுங்கிவிட்டேன் என்று நீ நினைத்தாய். வாய் திறந்து கேட்டால் கிரீடமா இறங்கிவிடும்? ரெண்டு பேருமே கேட்கவில்லை. நீ கோழியைத் திட்டினாய், நான் பாத்திரத்தை ஓங்கி ஓங்கி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து மருமகன் போன். "பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு அத்தை, வீடியோவுல வாங்க!" செல்போன் டவர் இங்கன ரெண்டு கோடுதான் எடுக்கும். பேச்சு கேட்கும், படம் அசையாது. முதல் பேத்தி முகத்தைப் பார்க்க முடியாமல் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீயும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏடி, உன் மக எம் மடியில வளந்தவ. கோவத்த அப்பறம் வச்சுக்க, என் நெட்ட விடுடி!" என்றாய்.

"உன் நெட்டா? நீதான என் நெட்ட அமத்துன!"

ரெண்டு வீட்டிலுமே நெட்டு இல்லை என்று அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைத்தது.

உச்சிப்புளியிலிருந்து நெட்டுக்காரத் தம்பி வந்தான். என் பெட்டியைத் திருப்பினான். பின்னால் இருந்த ஊசித் துளை ஓரமெல்லாம் சந்தனம்.

"இதக் குத்துனது யாரு?"

"நாந்தேன். சந்தனம் அடச்சிருச்சுன்னு ஊக்கால தோண்டுனேன்" என்றாய், பெருமையாக.

அந்தத் துளைக்குள்தான் ரீசெட் பட்டன் இருக்கிறதாம். அமுக்கினால் பெட்டி எல்லாத்தையும் மறந்து, கடையிலிருந்து வந்த புதுசு மாதிரி ஆகிவிடுமாம். "இப்ப ரெண்டுக்கும் ஒரே நம்பரு. ரெண்டும் நாந்தான் பெரியவன்னு நிக்குது. ஒண்ணு அடங்கணும்" என்றான்.

"அவ பெட்டிய அடக்கு!" ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

லைன் உன் வீட்டுக்கு வருவதால் என் பெட்டிதான் அடங்கவேண்டும் என்றான். என் மூஞ்சி தொங்கிப்போனது. "போடி இவளே, பெட்டிதான அடங்குது. நீ அடங்கவா போற?" என்று நீ சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் நம்பரை மாற்றியதும், ஒரு போனில் ரெண்டு மூஞ்சியை நுழைத்துப் பிள்ளையைப் பார்த்தோம். வீறிட்டு அழுதது. "அப்படியே உன்னய மாதிரி, காரணமே இல்லாம கத்துறா" என்றாய். சொல்லும்போது உன் கண் நிறைந்திருந்தது.

இன்றைக்கு உன் வீட்டைத் திறந்து நான்தான் சுவிட்சை அமத்திப் போட்டேன். பச்சை லைட்டு வந்தது. ஒரு பெரிய பெட்டியாக வாங்கி நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் குவைத்திலிருந்து மகள். முடியாது என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் உன் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறேன், துளைக்கு எட்டத்தில்தான்.

என் பெட்டி உன் பெட்டிக்கு அடங்கியே கிடக்கட்டும் அக்கா. நான்தான் உனக்கு ஒரு நாளும் அடங்கவில்லை. இப்போது அடங்கலாம் என்றால், அதட்ட நீ இல்லை.