எல்லாச் சாணியும் தொட்டிக்கு

3-3-86, திங்கள்
காலையிலேயே வெயில். கோபர் கேஸ் தொட்டிக்குச் சாணி கரைத்து ஊற்றியாயிற்று. சோப்புப் போட்டும் கை நாற்றம் போகவில்லை. அடுப்பில் நீலச் சுடர், புகையே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

கொட்டகை கூட்டும் கன்னியம்மா வெறுங்கூடையோடு திரும்பினாள். இத்தனை வருஷமும் அவளுக்குக் கூலியே அந்தச் சாணிதான். வரட்டி தட்டித்தான் அவள் வீட்டில் உலை. மாமனார் இனிமேல் காசு தருவாராம். "காச அடுப்புல வெச்சா எரியுமா சின்னம்மா?" என்றாள், என்னிடம் மட்டும்.

வாங்க: புளி, ரவை, துணி சோப்பு.

5-3, புதன்
கோபர் கேஸ் திட்டத்து ஆபீசர் நாலு பேரோடு தொட்டியைப் பார்க்க வந்தார். சாணிக்கு வந்த வாழ்வு! என் வயிற்றைப் பார்த்து, "இதெல்லாம் வரப்போற சந்ததிக்குத்தாம்மா. விறகு மிச்சம், காடு மிச்சம்" என்றார். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

கன்னியம்மா மகளுக்கும் இதே மாதம்தான். அது எந்தச் சந்ததியில் சேர்த்தி? காபி கலக்கப் போனேன்.

6-3, வியாழன்
நெமிலிச்சேரிக்கு, அம்மா வீட்டுக்கு, போய் வரட்டுமா என்று கேட்டேன். "நீ போயிட்டா தொட்டிக்கு யாரும்மா கரைச்சு ஊத்தறது?" என்றார் மாமனார். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாட்டையாவது மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுகிறார்கள். அழுகையாக வந்தது.

8-3, சனி
சாம்பார் பாதியில் கேஸ் நின்றது. நேற்றுக் கொல்லைப்பக்கமாகக் கன்னியம்மாவுக்கு ஒரு கூடை கொடுத்தேன், அதனாலா?

மாமனார்: "நம்ம மாடு ஏரியில போடற சாணி எங்க போவுது? நாளைக்கு அதையும் வாரிக்கினு வா."

9-3, ஞாயிறு
ஏரி வற்றிய தரையில் சாணிக்குச் சாணி வேலிக்காத்தான் குச்சி. முதலில் பார்த்தவள் குச்சி நட்டால் அது அவளுடையது, மற்றவர்கள் தொடமாட்டார்களாம். தண்ணீரோரத்துச் சாணியில் மட்டும் குச்சி இல்லை. ஏன் என்று கன்னியம்மாவைக் கேட்டேன்.

"அது ஏரிக்கு சின்னம்மா. வண்டலாப் பூடும். நாளைக்குப் பொறக்கற புள்ளைங்களும் சோறு துன்ன வாணாமா?"

கரைமேலிருந்து மாமனார் சத்தம்: "இன்னாம்மா பேச்சு அங்க? ஓரத்துல கீறதையும் சேத்து வாரு!"

ஓரத்துச் சாணியை வாரிவிட்டு, கன்னியம்மா குச்சி நட்டிருந்த சாணிக்கும் குனிந்தேன். கன்னியம்மா தடுக்கவில்லை.

"எடுத்துக்கோ சின்னம்மா. குச்சிய மட்டும் குடுத்துடு. அடுப்புக்காவது ஆவும்."