பெட்டியிலிருந்து எடுத்த கருப்பட்டி

பூங்கனி மக்கா,

நீ தக்கலைச் சந்தையிலிருந்து திரும்புவதற்குள் என் பஸ் வந்துவிடும். சோறும் மீன் புளிமுளமும் அடுப்பருகே மூடி வைத்திருக்கிறேன்.

என் பெட்டியின் அடியில் நீ ஒளித்து வைத்த கருப்பட்டியைப் பானையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

"டாக்டரு சீனியத்தானம்மா வேண்டாம்னாரு, கருப்பட்டிய இல்லியே!"

"ஏட்டி, என் நீரிழிவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நேற்று, "கொழும்புல மயங்கி விழுந்தா ஆரு தாங்குவா?" என்று கேட்டுக் கதவை அடித்துச் சாத்தினாய். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு நூலில் ரேந்தை லேஸ் பின்னச் சொல்லிக்கொடுக்கும் வேலை, மூன்றே மாதம். அங்குள்ள டாக்டருக்கு நம் டாக்டர் கடிதம் தந்திருக்கிறார். சோதனைக் குழாயையும் மருந்துநீரையும் சேலைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் சிறுநீரை அதில் விட்டுக் காய்ச்சிச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பேன். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் சோற்றைக் குறைத்துக்கொண்டு டாக்டரிடம் போவேன்.

ஞாயிறுதோறும் உனக்கு ஒரு கார்டு போடுவேன்.

அம்மா

பின்குறிப்பு: செங்கல் நிறம் வந்தாலும் மறைக்காமல் எழுதுவேன். நீயும் கோபத்தை மறைக்காமல், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் என்னை ஏசி எழுது. ஒரு வரி விடாமல் வாசிப்பேன்.