கூரை பிரித்த வீட்டில் நாற்று

வடகுடி,
நீடாமங்கலம் வழி
4-6-1970

என் மாமாவுக்கு அம்சம் எழுதுவது. உடம்பு தேவலையா? ஜெயில் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நானும் வெள்ளாடும் இருக்கிறோம். இருக்கிறோம், அவ்வளவுதான்.

நல்ல சேதி எழுதத்தான் ஆசை. குளத்துத் தண்ணீரை இறைத்து நான் விட்ட நாற்றங்காலில், முந்தாநாள் வைத்தியலிங்கம் மிராசுதாரின் மாடுகளை இறக்கிவிட்டார்கள். ஒரு நாற்று மிச்சமில்லை. கேட்கப் போனால் அவருடைய காரியக்காரர் சிங்காரவேலு, "மாடு என்ன பத்திரத்த படிச்சிட்டா மேயுது?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் மண் விழ.

அடுத்த மாதம் குத்தகைப் பதிவுக்கு அதிகாரி வருகிறாராம். வயலில் யார் பயிர் நிற்கிறதோ அவர் பெயரைத்தான் எழுதுவாராம். தரிசாகக் கிடந்தால் நாம் விட்டுப்போனதாக அர்த்தம். உங்கள் அப்பா காலத்திலிருந்து உழுத இரண்டு மா நிலம். அதற்காகத்தானே மறியலில் நின்று உள்ளே போனீர்கள்?

நாற்றுவிட ஒரு சாண் இடம் தர இங்கே எவருக்கும் துணிச்சல் இல்லை. பயிர் யோசனை சொல்ல வருவாரே, அந்தக் கிராம சேவக் முகம்மது யூசுப்தான் வழி சொன்னார். வீட்டுத் தரையில் வாழை இலையைப் பரப்பி, முளைகட்டிய விதையை நெருக்கமாகத் தூவி, தண்ணீர் தெளித்துவந்தால், பன்னிரண்டாம் நாள் பாய்போலச் சுருட்டிக் கொண்டுபோய் நடலாமாம். இருக்கிற பதினாலு மரக்கால் விதையில் பாதியை ஊறப்போட்டுவிட்டேன். இனி நாற்றுக்கு வீடு, எனக்கு அடுப்படி. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

உங்கள்
அம்சம்

*

திருச்சி ஜெயில்
6-6-1970

அன்பு அம்சத்துக்கு வீரையன் எழுதுவது. நான் சுகம். இங்கே சனிக்கிழமை மட்டும்தான் தபால் கைக்கு வரும். அதனால் உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன்.

வீட்டுக்குள் நாற்றா என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால் உன் துணிச்சல் புரிந்தது. இரண்டு விஷயம் சொல்கிறேன், கேள். வேர் மேலே கிளம்பாமல் காலையும் மாலையும் உள்ளங்கையால் மெதுவாக அமுக்கிவிடு. இன்னொன்று, யாருக்கும் தெரியக்கூடாது. கதவைச் சாத்தியே வை. முளையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடு. எவன் எட்டிப் பார்த்தாலும் சாக்குதான் தெரிய வேண்டும்.

சிங்காரவேலு இங்கேயும் வந்தார். "குத்தகைய விட்டுட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு வீரையா, வழக்க வாபஸ் வாங்கிடறோம்" என்றார். வீட்டில் நாற்று இருக்கிறவரை என் கை பேனாவைத் தொடாது. அவர் நீட்டிய காகிதத்தை அவரிடமே தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

அடுப்படியில் தேள் வரும். பார்த்துப் படு.

உன் வீரையன்

*

வடகுடி
16-6-1970

மாமாவுக்கு,

எல்லாம் போய்விட்டது. நீங்கள் எழுதியபடியே சாக்குப் போட்டு மூடினேன், கதவைச் சாத்தினேன். அமுக்கச் சொன்னீர்கள், அமுக்கினேன். சாக்கு காய்ந்துவிடுமோ என்று பயந்து நாளுக்கு ஆறு தடவை தண்ணீர் ஊற்றினேன். நேற்றுச் சாக்கைத் தூக்கினால் நூல் நூலாக வெளுத்து, அடியில் அழுகிச் சாய்ந்து கிடக்கிறது. வெள்ளைப் பூஞ்சணம். வீடெல்லாம் நாற்றம். ஏழு மரக்கால் விதையையும் குப்பையில் கொட்டினேன்.

ஊருக்குப் பயந்து மூடி மூடியே கொன்றுவிட்டோம். ஜெயிலில் உட்கார்ந்து யோசனை சொல்வது உங்களுக்கு லேசு. வாரினவள் நான். வயல் தரிசுதான் இனி. மிச்ச விதையைக் குத்திக் கஞ்சி காய்ச்சிவிட்டு எங்கேயாவது போய்விடலாம்போல இருக்கிறது. எழுத வேறொன்றும் இல்லை.

அம்சம்

*

வடகுடி
21-6-1970

என் மாமாவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். எனக்குப் புத்தி எப்போதும் தபால் போன பிறகுதான் வரும், உங்களுக்குத் தெரியாததா?

யூசுப் வந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, கைப்புள்ளைக்கு மூக்கப் பொத்துனா பொழைக்குமா? வெளிச்சம் வேணும், காத்து வேணும். தண்ணிய தெளிக்கணும், ஊத்தக் கூடாது" என்றார். வெளிச்சத்துக்கு எங்கே போவேன்? வாசலில் வைத்தால் மறுபடி மாடு வரும். அண்ணாந்து பார்த்தேன். நானும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயும் ஏறித் தெற்குப் பக்கக் கூரையைப் பிரித்துவிட்டோம்!

மிச்ச ஏழு மரக்காலையும் நேற்று முன்தினம் தூவியாயிற்று. வெயில் நகர நகர இலையை நாங்களும் இழுக்கிறோம். விரல் நுனியால் தண்ணீர் தெளிக்கிறேன். ஊசிமுனை அளவுக்குப் பச்சை தெரிகிறது, மாமா. நிஜப் பச்சை.

ஒரு வேடிக்கை. சிங்காரவேலு தெருவில் நின்று, "என்ன அம்சம், கூரைய பிரிக்கிற? ஊர விட்டுப் போறியா?" என்றார். "ஆமாங்க, நன்னிலத்துக்கு, எங்க அம்மா வீட்டுக்கு" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் போன பிறகு நானும் பொன்னுத்தாயும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தைரியமாக இருங்கள்.

உங்கள்
அம்சம்

*

திருச்சி ஜெயில்
27-6-1970

அம்சம்,

இன்று சனிக்கிழமை. கூரை பிரித்த கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. படித்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சிங்காரவேலு வந்தார். "ஒம் பொண்டாட்டி வீட்டப் பிரிச்சிட்டா, நன்னிலம் போறேன்னு அவ வாயாலயே சொன்னா. யாருக்காக வீரையா இங்க கெடக்குற?" என்றார். என் சட்டைப்பையில் இருந்தது, எல்லாம் போய்விட்டது என்று நீ எழுதிய கடிதம். நாற்றும் இல்லை, வீடும் இல்லை, நீயும் இல்லை என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை, ஆறாம் தேதி, விடுவார்கள். நம்மவர்கள் யாராவது வயலில் இறங்கினால் வழக்கு திரும்ப உயிர்பெறும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாற்றை யாருக்காவது கொடுத்துவிடு. நட்டுவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இன்னொரு தடவை என்னால் இங்கே இருக்க முடியாது.

வீரையன்

*

வடகுடி
2-7-1970

என் மாமாவுக்கு,

நாளை மறுநாள் சனிக்கிழமை இது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ரயில் ஸ்டேஷனுக்கே போய்த் தபாலில் போடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அன்றைக்குப் பூராவும் அடுப்பு மூட்டவில்லை. சிங்காரவேலுவிடம் அந்தப் பேச்சைப் பேசிய என் வாயைத்தான் முதலில் அறைந்துகொண்டேன். அப்புறம் உங்களையும் திட்டினேன். பெண்டாட்டி போய்விட்டாள் என்று அடுத்தவன் சொன்னால், அடுத்த தபால் வரும்வரையாவது பொறுக்கக் கூடாதா? பத்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினீர்களே. சொல்லாமல் போகிறவளா நான்?

சாயந்தரம் நாற்றைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று வீடு நிறைய நிற்கிறது. யாருக்குக் கொடுப்பேன்? வாங்குகிற கை எது இந்த ஊரில்? நேற்று விடியற்காலையில் பாய் பாயாகச் சுருட்டித் தலையில் வைத்தோம். பொன்னுத்தாயும் நாலு பெண்களும் கூட வந்தார்கள். ஏற்கெனவே மண்வெட்டியால் கொத்திப் போட்டிருந்த வயலில் இரண்டு மாவும் நட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார். சிங்காரவேலு உங்கள் கையெழுத்தோடு நிற்பார். நான் பயிரோடு நிற்பேன். "விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தவரு ஜெயில்ல இருந்தாருங்க, நட்டவ நான்" என்று சொல்லப்போகிறேன். அதனால் உங்களை மறுபடி உள்ளே போட்டாலும் போடுவார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள்மேல் பாசம் இல்லாமல் இல்லை, மாமா. ஆனால் இந்த முறை மூடிவைக்க என்னால் ஆகாது.

முடியாது என்று தோன்றினால் நீங்கள் நேரே உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள். குறை சொல்ல மாட்டேன். வருவதானால் வீட்டுக்குப் போக வேண்டாம், அங்கே கூரை இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

வயலுக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை வரப்பில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருப்பேன்.

அம்சம்