யார் போட்ட பென்சில் குறி?

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம், உங்கள் முதுகுவலி குறைந்ததா? இன்று பதினொன்றாம் வகுப்புப் பாடத்தேர்வுப் படிவம் தந்தார்கள். நான் தொடுவதற்கு முன்பே, கணிதம் இல்லாத பிரிவுக்கு நேராகப் பென்சில் குறி இருந்தது. கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

வகுப்பாசிரியையிடம் கேட்டேன். "உங்க அப்பாதாம்மா போன்ல சொன்னாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

விடுதி அறைத்தோழி சிரித்தாள். "என் படிவத்துலயும் அதே குறிதான், எங்க அப்பாவும் போன் பண்ணாராம்டி! அவரு செத்துப்போய் மூணு வருஷமாச்சு."

தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். புதிது வேண்டாம், அம்மா உபயோகிப்பதே போதும்.

நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். இருந்தாலும், சொல்லவில்லை என்று உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதுங்கள் அப்பா. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்