பீரோவுக்குள் இருந்த வைஃபை பெட்டி

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், அவர் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்து படி, இது உன் தொழில் விஷயம். பெரிய பெரிய ஆபீஸுக்கெல்லாம் நெட் கோளாறு பார்க்கிறவன் நீ, நம் டிவியில் படம் நின்று நின்று வட்டம் சுற்றியதற்கு மூன்று மாதமாக உனக்குக் காரணம் அகப்படவில்லை, அஞ்சாங்கிளாஸ் படித்த எனக்கு அகப்பட்டுவிட்டது. டிவியை அணைத்துப் போடச் சொன்னாய், போட்டேன். வைஃபை பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பத்து எண்ணிவிட்டுச் செருகச் சொன்னாய், நான் நூறு எண்ணினேன், எனக்கு நூறும் தெரியும். பச்சை விளக்கு எரியுதாப்பா என்று கேட்பாய், அப்பா போய்ப் பார்த்து எரியுது என்பார், படமும் அழகாக ஓடும், நீ போனை வைத்ததும் மறுபடி வட்டம். நெட்டுக்காரர் வந்தபோதும் அதே கதைதான். நீங்க ஏதோ தப்பா அமுக்குறீங்கம்மா என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

போன ஞாயிறு துணி மடித்து வைக்க பீரோவைத் திறந்தேன், கூடத்தில் டிவி பேசியது. மூடினேன், திக்கியது. மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவைக் கூப்பிட்டேன். பெட்டியைப் பத்திரமா வைங்கன்னு நீ சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா, இவர் இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டு, வீட்டுப் பத்திரத்தோடு அதையும் வைத்துப் பூட்டியிருக்கிறார். விளக்கைப் பார்க்கத் திறக்கும்போது மட்டும் ஓடியிருக்கிறது. பெட்டி எங்கே இருக்கிறது என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா, இன்ஜினீயரே.

இனி எழுதுவதை உன் மகளுக்கும் படித்துக் காட்டு. போன தடவை பள்ளிக்கூடத்தில் அவள் வயலின் வாசித்ததை நெட்டில் நேரடியாகக் காட்டினார்களே, அன்று மாலை போனில், கடைசில உனக்குத்தான் பாட்டி கை காட்டினேன், பாத்தியா என்று கேட்டாள். படம் பாதியிலேயே நின்றுவிட்டது, ஆனாலும் பார்த்தேன் என்றேன். எந்தக் கை என்றாள், வலது கை என்றேன். அவள் உடனே போனை உன்னிடம் கொடுத்துவிட்டாள். அது எனக்கு இத்தனை நாளும் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று ஞாயிறு, மறுபடியும் நேரடியாகக் காட்டினார்கள், அவள் வாசித்து முடிக்கும்வரை அப்பா பீரோ கதவு மூடிக்கொள்ளாமல் முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார், அங்கிருந்து டிவி தெரியாது, காதால் கேட்டார். அவன் சொல்லாம பெட்டியை வெளியே எடுக்கமாட்டேன் என்கிறார், மறக்காமல் அவருக்கு நாலு வரி எழுதிப் போடு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழுங்கள். பேத்தியிடம் சொல், பாட்டி அன்றைக்குப் பொய் சொன்னேன், இன்றைக்குப் பார்த்தேன். இடது கை. வலது கையில் வில் இருந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா