ஆடும் சனத்துக்கு நடுவே அண்ணாவின் பெயர்

குரல் அடைக்கும்வரை கூப்பிட்ட என் அன்பு அப்பாவுக்கு,

எடுத்ததுமே கேட்டுவிடுகிறேன். அண்ணா உங்களிடம் வந்துவிட்டானா? வந்திருந்தால் எனக்கு எப்படியாவது தெரியப்படுத்துங்கள். கனவிலாவது வந்து சொல்லுங்கள். வருகிற கிழமை உங்கள் நினைவுப் பூசையோடு சேர்த்து அவனுக்கும் ஒரு பூசை கொடுப்போம் என்கிறார் அம்மா. செத்தவர்களுக்குக் கொடுக்கிற பூசை. நான் என்ன பதில் சொல்ல?

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏலம் கூறியவர் என் அப்பா. வலை கரைக்கு வந்து மீன் குவிந்ததும் நீங்கள் வாய் திறந்தால் மூச்சு எங்கே எடுக்கிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. றேடியோவில் அந்த வேகப் பாட்டுகள் வரத் தொடங்கிய காலம் அது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர்தான் அதற்கு ராப் என்று பெயர் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். "உதைத்தானே நான் விடியப்புறம் தொடக்கம் செய்யிறன்" என்றீர்கள்.

அந்த வருசம் அந்தோனியார் திருவிழாவில் இசைக்குழுப் பெடியள் உங்களை மேடையில் ஏற்றினார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ட்றம்ஸ் அடிக்க அடிக்க நீங்கள் மீன்களின் பெயரை அடுக்கினீர்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது, பிறகு எழும்பி ஆடியது. அம்மா முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்ரன் அண்ணா மட்டும் மேடைக்குக் கீழே நின்று "என்ர அப்பா! என்ர அப்பா!" என்று கத்தினான். அதற்குப் பிறகு எங்கள் கரையில் எந்தத் திருவிழா நிகழ்ச்சி நிரல் போட்டாலும் நாடகத்துக்கும் இசைக்குழுவுக்கும் நடுவில் உங்கள் ராப் இருந்தது.

பிறகு அந்த ஆடி மாதம் வந்தது. செல் குண்டுகள் விழ விழ ஊரே றோட்டில் இறங்கியது. "வள்ளத்தை விட்டிட்டுப் போய் என்னத்தைத் தின்னுறது? நான் களப்புத் தண்ணியால கொண்டு வாறன், நீங்கள் நடவுங்கோ" என்றான் அண்ணா. நீங்கள் தலையாட்டினீர்கள். வேறு எந்தத் தகப்பனும் அப்படித்தான் செய்திருப்பான், அப்பா. வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை.

மாங்குளத்துக்கு உள்ளே ஒரு குளத்தடியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்யும் ஒரு குடும்பம் தங்கள் வளவில் எங்களுக்கு ஒரு மூலை தந்தது. கடல் இல்லை, ஏலம் இல்லை. நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மரத்தடி என்று சனம் தங்கியிருந்த இடமெல்லாம் போய்க் கேட்டீர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருநாள் வந்து குந்தியிருந்து சொன்னீர்கள்: "பிள்ளை, ஒவ்வொருத்தராக் கேட்டு முடியாது. சனம் முழுக்க ஒரு இடத்தில நிக்கவேணும். கையில மைக் இருக்கவேணும்."

சனம் முழுக்கக் கூடுவது எங்கே? திருவிழாவில்தான். பாணுக்கு வழியில்லாத காலத்திலும் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரை ஓடவைத்து இசைநிகழ்ச்சி வைத்தார்கள். எங்கெங்கோ இடம்பெயர்ந்து கிடந்தவர்கள் எல்லாம் அதற்கு நடந்து வந்தார்கள். நீங்கள் கோயில் சபைகளிடம் போய் நிகழ்ச்சி நிரலில் இடம் கேட்டீர்கள். எங்கள் பக்கத்துக் குடிசைப் பிலோமினாக்கா வந்து கையைப் பிடித்தார். ஓடின வழியில் தன் மகள் றெஜினாவைத் தவறவிட்டவர் அவர். "அண்ணை, என்ர பிள்ளையின்ர பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ." இப்படி இன்னும் சிலர் வந்தார்கள்.

முதல் மேடை அந்தக் குளத்தடிப் பிள்ளையார் கோயிலில். பின்பாட்டுக்கு நானும் ஏறினேன்.

"பாரை வந்துது சூரை வந்துது
பட்டியில் கட்டின மாடும் வந்துது
ஊரே நடந்து காட்டுக்கு வந்துது
ஒருத்தனைக் காணேல்ல கண்டியோ அண்ணே?
அன்ரன் பேரு, வயசு பத்தொன்பது
வலது புருவத்தில் வெட்டுக் காயம்
கண்டவை சொல்லுங்கோ கேட்டவை சொல்லுங்கோ!"

அடுத்தது றெஜினா, அடுத்தது மற்றவர்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டீர்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் பெடியள் விசிலடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தோளில் கிடந்த துவாயைச் சுழற்றி "வன்ஸ் மோர்! வன்ஸ் மோர்!" என்றார்கள். ட்றம்ஸ் அவ்வளவு நன்றாக இருந்தது, அப்பா. உங்கள் வாயும் அவ்வளவு நன்றாக ஓடியது. இறங்கி வந்து மேடைக்குப் பின்னால் குந்தினீர்கள்.

"ஆடுறாங்கள் பிள்ளை. ஒருத்தரும் கேக்கேல்ல."

"கேட்டிருப்பினம் அப்பா."

"ஓம், கேக்கிறவன் ஒருத்தன் இருந்தாலே காணும்."

அடுத்த கோயிலில் பெயர்கள் வரும் இடத்தில் ட்றம்ஸை நிறுத்தச் சொன்னீர்கள். வெறும் குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். கொஞ்சம் பேர் அழுதார்கள், பின்னால் நின்றவர்கள் கூவென்று கத்தினார்கள். சபைத் தலைவர் மேடைக்கே ஏறி வந்தார். "சனம் ஒரு நாள் சிரிக்க வருகுது. அதுக்குள்ளயும் ஏன் ஐயா அழவைக்கிறியள்?" அதற்குப் பிறகு எத்தனையோ கோயில்களில் உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தத் தலைவரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவரும் ஒரு மகனை இழந்திருந்தார் என்று பிறகுதான் கேள்விப்பட்டோம்.

"சரி, ஆடவைச்சே கேக்கவைப்பம்" என்று மறுபடியும் ட்றம்ஸோடு தொடங்கினீர்கள். மழை முடிந்து காய்ச்சல் பரவிய மாதத்தில்தான் உங்கள் கடைசி மேடை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "உந்தக் காய்ச்சலோட போகாதேங்கோ, உங்களையும் நான் துலைக்கேலாது" என்று அம்மா வாசலில் குறுக்கே நின்றார். நீங்கள் அவரை மெல்ல விலக்கிவிட்டு வந்தீர்கள். மேடையில் நான் உங்கள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேட்டுக்குள்ளால் நெருப்பு மாதிரிச் சுட்டது. ஒரு பெயரும் தவறவில்லை. வீட்டுக்கு உங்களை வண்டிலில்தான் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் மலேரியாக் குளிசை முடிந்திருந்தது. மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். சாகும்போதும் உங்கள் உதடு வேகமாக அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன், ஒன்றும் விளங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். றெஜினா வந்துவிட்டாள், அப்பா! பூநகரியில் ஒரு வீட்டோடு இருந்திருக்கிறாள். நெல்லு ஏற்றிப்போன உழவு மெசினில் இருந்த பெடியள் உங்கள் ராப்பைப் பாடிக்கொண்டு போயிருக்கிறார்கள். துவாய் சுழற்றி ஆடின அதே கூட்டம். ஒரு எழுத்துப் பிசகாமல் பாடமாக்கி வைத்திருந்தார்கள். பாட்டுக்குள் தன் பெயரும் தாயின் பெயரும் வந்ததைக் கேட்டு, பிள்ளை மெசினுக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள்.

பிலோமினாக்கா றெஜினாவைக் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவின் காலில் விழவைத்தார். அம்மா தூக்கிக் கொஞ்சினார். பிறகு உள்ளே போய்ப் படுத்தவர் இரண்டு நாள் எழும்பவில்லை. நீங்கள் கூப்பிட்டு ஒரு பிள்ளை வந்தது, அது எங்கள் பிள்ளையில்லை. சந்தோசப்பட எனக்கு மனம் வரவில்லை. அது பாவமா?

அன்றிலிருந்து மேடைக்கு நான்தான் ஏறுகிறேன். ஒரு பெட்டை ராப் பாடுவதா என்று கேட்டவர்களும் உண்டு. சண்டை எங்களை இன்னும் இரண்டு இடத்துக்குத் தூக்கி எறிந்துவிட்டது. போன இடத்திலெல்லாம் முதலில் விசாரிப்பது திருவிழா எப்போது என்றுதான். போன மாதம் பூநகரிப் பக்கத்தில் ஒரு தேவாலயத் திருவிழா. இரண்டு இசைக்குழுக்களுக்கு நடுவில் என்னைப் போட்டிருந்தார்கள். சனம் நன்றாக ஆடியது. இறங்கி வந்ததும் ஒருவர் ஓடிவந்தார். அண்ணாவைக் கண்டவர்தான் என்று நானும் அவரை நோக்கி ஓடினேன்.

"தங்கச்சி, அருமையான பாட்டு. அந்தப் பேருகள் எல்லாம் கற்பனையோ?"

 இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நீங்கள் சொல்லுங்கள், நான் இப்போது அவன் வயதை என்னவென்று பாடுவது? பத்தொன்பது என்று பாடினால் பிழை. கூட்டிப் பாடினால் என் நாக்கு இடறுகிறது. அந்த வயதில் அவனை நான் காணவில்லையே. "எத்தினை காலத்துக்குச் சனத்துக்கு முன்னால பிச்சையெடுக்கிறது பிள்ளை? ஒரு பூசையைக் குடுத்திட்டு அழுது முடிப்பம்" என்கிறார் அம்மா. அவர் களைத்துவிட்டார். நானும் களைத்துவிட்டேன், அப்பா. சில நாட்களில் அவன் செத்த செய்தியாவது வராதா என்று நினைக்கிறேன். நினைத்த உடனே வாயில் அடித்துக்கொள்கிறேன்.

கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், நீங்கள் ஒன்றும் சொல்வதாயில்லை. அதனால் நானே முடிவெடுத்துவிட்டேன். கோபிக்காதீர்கள். வருகிற கிழமை பூசை வைக்கிற சுவாமியாரிடம் உங்கள் பெயரை மட்டும்தான் கொடுப்பேன். அம்மா அழுதாலும் அவ்வளவுதான். செத்தவர்களின் பெயர் வாசிக்கிற இடத்தில் அண்ணாவின் பெயர் வராது. மைக் கிடைக்கிற இடத்தில், சனம் ஆடிக்கொண்டிருக்கிற இடத்தில், என் தொண்டையில் சத்தம் இருக்கிறவரை அது வரும். இது சத்தியம்.

உங்கள் மகள்,
அன்ரனுக்கு இன்னும் தங்கச்சி,
யசிந்தா